இழந்த விளைநிலத்தைக் கியூஜிஐஎஸ் வரைபட மென்பொருளில் எப்படி அளப்பது? பரப்பளவு இரண்டு விதமாக வருகிறது

பரிதி (கேள்வி):
தென் உக்ரைனின் கெர்சோன் பகுதியில் 2022க்குப் பிறகு எவ்வளவு விளைநிலம் பறிபோயிற்று என்று என் முதுகலை ஆய்வுக்காகக் கணக்கிடுகிறேன். சென்டினல்-2 செயற்கைக்கோளின் 2021 ஜூலை, 2024 ஜூலை படங்களை எடுத்து, என்டிவிஐ (பசுமைக் குறியீடு) போட்டு, பசுமை குறைந்த இடங்களைப் பாலிகானாக (மூடிய எல்லை வடிவமாக) மாற்றி வைத்திருக்கிறேன். இரண்டு சிக்கல்கள். ஃபீல்டு கால்குலேட்டரில் ஒரு கட்டளைக்கு ஒரு பரப்பு வருகிறது, இன்னொரு கட்டளைக்கு அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் வருகிறது. அப்புறம், இரு தரப்பின் கையிலுள்ள பகுதிகளைப் பிரிக்கும் கட்டுப்பாட்டுக் கோடு ஒவ்வொரு வரைபடத்திலும் வேறு மாதிரி இருக்கிறது. எதை நம்புவது?

மருதன்:
முதல் சிக்கல் சுலபம். உங்கள் லேயர் வெப் மெர்கேட்டர் என்ற வீழலில், அதாவது உருண்டைப் பூமியைத் தட்டையாக வரையும் ஒரு முறையில், இருக்கிறது. டாலர் குறியோடு தொடங்கும் ஏரியா, புராஜெக்டில் கொடுத்திருக்கும் நீள்வட்டக்கோளத்தின் மேல், அதாவது பூமியின் வளைவோடு, அளக்கும். ஜியோமெட்ரியை அடைப்புக்குறிக்குள் கொடுக்கும் ஏரியா, தட்டையாக அளக்கும். மெர்கேட்டரில் 47 பாகை அட்சரேகையில் பரப்பு ஏறக்குறைய 2.15 மடங்கு ஊதிவிடும். லேயரைச் சமபரப்பு வீழலுக்கு, உதாரணமாக இபிஎஸ்ஜி 6933 என்ற குறியெண் கொண்டதற்கு, மாற்றிவிட்டு அளந்து பாருங்கள். இரண்டு விடைகளும் ஒட்டிவரும்.

எனக்குக் கவலை தருவது நீங்கள் கேட்காத ஒன்று. பசுமை குறைந்தால் நிலம் போயிற்று, குறையாவிட்டால் போகவில்லை என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். டினிப்ரோ ஆற்றின் இடது கரை ரஷ்ய ஆக்கிரமிப்பில் இருக்கிறது. அங்கே ஒரு வயலை வேறொருவர் விதைத்து அறுத்தாலும் செயற்கைக்கோளுக்கு அது பச்சைதான். நிலத்துக்குச் சொந்தக்காரர் ஊரைவிட்டுப் போயிருப்பார், உங்கள் கணக்கில் அவர் எதையும் இழக்கவில்லை. வலது கரையோ 2022 நவம்பரில் மீட்கப்பட்டது. அங்கே உழவர் திரும்பி வந்தும் கண்ணிவெடிக்குப் பயந்து இறங்காத வயல்கள் உண்டு. அவற்றில் களை மண்டிக்கிடக்கும். அதுவும் பச்சைதான்.

ஜூலைப் படம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் இன்னும் மோசம். குளிர்காலக் கோதுமை இலையுதிர் காலத்தில் விதைத்து ஜூலையில் அறுப்பது, சூரியகாந்தி அப்போதுதான் செழித்து நிற்கும். 2021இல் சூரியகாந்தி, 2024இல் கோதுமை என்று பயிர் மாறியிருந்தால், நன்றாக விளைந்த வயலை இழந்த கணக்கில் சேர்த்துவிடுவீர்கள். மார்ச் முதல் அக்டோபர் வரை கிடைக்கும் மேகமில்லாத படங்கள் எல்லாவற்றையும் எடுத்து ஒவ்வொரு வயலுக்கும் என்டிவிஐ ஏறி இறங்கும் வளைகோடு வரையுங்கள். உழுத வயலில் மண் வெறுமையாகத் தெரியும் சில வாரங்கள் இருக்கும், அறுவடையின்போது கோடு சட்டென்று விழும். களை மண்டிய நிலத்தில் அந்த வீழ்ச்சி இருக்காது, மெல்லமாக ஏறி மெல்லமாக இறங்கும். மனிதக் கை பட்டதா இல்லையா என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சாட்சி படத்தில் கிடையாது.

இன்னொன்று. 2023 ஜூன் 6 அன்று டினிப்ரோவின் கக்கோவ்கா அணை உடைந்தது. இடது கரையில் வட்டவட்டமாகத் தெரியும் பாசன வயல்களைப் பெரிதாக்கிப் பாருங்கள், அவை நம்பியிருந்தது அந்த நீர்த்தேக்கத்தின் கால்வாய்களை. அங்கே பயிர் இல்லாததற்குத் தண்ணீர் வரத்து நின்றுபோனதே காரணமாக இருக்கலாம். கைமாறிய நிலம், வெடிக்குப் பயந்து தரிசாகக் கிடப்பது, நீரற்றுப் போனது மூன்றையும் ஒரே கூட்டுத்தொகையில் போடாதீர்கள். நாளை இழப்பீடு என்று வந்தால் மூன்றுக்கும் கேட்க வேண்டிய கேள்வி வேறு.

வரப்போரம்:
மருதன் சொல்வதற்குச் சைப்ரஸையும் சேர்த்துக்கொள்ளலாம். அங்கே தீவின் இரு பகுதிகளுக்கும் நடுவே ஐநா காக்கும் இடைவெளி மண்டலம் 180 கிலோமீட்டர் நீளம், சில இடங்களில் 7 கிலோமீட்டருக்கும் மேல் அகலம். வரைபடத்தில் மொத்தமும் முடங்கிய நிலம் போலத் தெரியும். உண்மையில் ஐநா அனுமதியோடு அதற்குள்ளேயே விவசாயம் நடக்கிறது. கோட்டுக்குள் விழுந்ததையெல்லாம் இழப்பென்று எழுதினால் அந்த உழவர்கள் கணக்கில் காணாமல் போவார்கள்.

பிக்சலை எண்ணி அதையே பரப்பு என்று எழுதுவதையும் தவிருங்கள். வயலோரப் பிக்சல்கள் தப்பாக வகைப்படும், பிழை ஒரே பக்கமாகச் சேரும். ஒவ்வொரு வகையிலும் சில நூறு புள்ளிகளைத் தற்செயலாக எடுத்து, தெளிவான படத்தில் கண்ணால் சரிபார்த்து, அதிலிருந்து பரப்பையும் பிழை வரம்பையும் மதிப்பிடுங்கள்.

பரிதி:
இருவருக்கும் நன்றி. வீழல் மாற்றியதும் பரப்பு சரியாகிவிட்டது. விட்டம் பெரிய பாசன வட்டங்களை இப்போதே தனி லேயராகப் பிரிக்கத் தொடங்கிவிட்டேன். "கைவிடப்பட்ட நிலம்" என்று எழுதலாமா?

மருதன்:
இப்போது வேண்டாம். ஐநாவின் உணவு, வேளாண் அமைப்பான எஃப்ஏஓவின் வரையறையில் ஐந்து ஆண்டுக்குக் குறைவாகத் தரிசு கிடந்தால் அது இன்னும் சாகுபடி நிலம்தான். "2024இல் பயிரிடப்படாதது" என்று எழுதுங்கள். திரும்பிவரக் காத்திருப்பவரின் நிலத்தை அவரே கைவிட்டதாக நம் அட்டவணை சொல்லக்கூடாது.

கோட்டைப் பற்றி: 2022 நவம்பருக்குப் பின் கெர்சோனில் பெரும்பாலும் ஆறுதான் கோடு, அதனால் உங்களுக்குக் கொஞ்சம் வசதி. ஆற்றுத் தீவுகளையும், 2023 இறுதியில் சண்டை நடந்த இடது கரை ஊரான கிரின்கியின் ஓரத்தையும் தனி வகையாக வையுங்கள். எந்தக் கோட்டை எடுத்தாலும் அதன் தேதியை லேயரின் அட்ரிபியூட் அட்டவணையில் ஒரு நெடுவரிசையாகச் சேருங்கள். பிறகு ஆக்கிரமிப்பை மிகக் குறைவாகக் காட்டும் கோட்டுக்கும் மிக அதிகமாகக் காட்டும் கோட்டுக்கும் இரண்டு தடவை கணக்கை ஓட்டி, இரண்டு எண்களையும் ஆய்வில் கொடுங்கள்.