மனச்சுழற்சிச் சோதனையில் கோணம் கூடியும் விடைநேரம் கூடவில்லை: உதவி தேவை

ஆய்வுமாணவி:
ஆய்வேட்டிற்காக மனச்சுழற்சிச் சோதனை ஒன்றை நடத்தினேன். கனசதுரங்களை ஒட்டியதுபோன்ற இரண்டு உருவங்களை, ஒன்றை மற்றதிலிருந்து ஒரு கோணம் திருப்பித் திரையில் காட்டி, இரண்டும் ஒன்றா வேறா என்று கேட்டேன். ஒன்றை மனத்திற்குள் சுழற்றி மற்றதோடு பொருத்திப் பார்ப்பார்கள் என்பதால், கோணம் கூடக்கூட விடைநேரமும் கூட வேண்டும். எனக்கோ 0, 60, 120, 180 பாகை எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றரை நொடியே வருகிறது. அடுத்த வாரம் நெறியாளரிடம் வரைபடத்தைக் காட்டியாக வேண்டும். எங்கே தவறு?

கோணமானி:
எத்தனை பேர் கலந்துகொண்டார்கள்? தவறான விடைகளை நீக்கினீர்களா? ‘ஒன்று’, ‘வேறு’ இரண்டையும் பிரித்துப் பார்த்தீர்களா? இவை தெரியாமல் குறிதான் சொல்ல முடியும்.

விசைமணி:
விசைப்பலகையைத்தான் நான் சந்தேகிக்கிறேன். சாதாரண விசைப்பலகைகள் அழுத்தத்தைத் தாமதமாகப் பதிவு செய்கின்றன. நேரம் அளப்பதற்கென்றே உள்ள பொத்தான் பெட்டியை வாங்குங்கள்.

கோணமானி:
அந்தத் தாமதம் சில பத்து மில்லிநொடிதான். அது எல்லாக் கோணங்களுக்கும் பொது என்பதால் கோட்டை மொத்தமாக மேலே தூக்குமே தவிரத் தட்டையாக்காது.

மூத்த பதிவர்:
மூலக் கட்டுரையைப் படிக்காமல் சோதனை அமைப்பதன் பலன் இது. இச்சோதனையை முதலில் நடத்திய உளவியலாளர்கள் ஷெப்பர்டும் மெட்ஸ்லரும் 1971இல் எட்டுப் பேரைக் கொண்டு 20 பாகை இடைவெளியில் அளந்தார்கள். கோணம் 0 பாகையாக இருந்தபோது ஏறக்குறைய ஒரு நொடியாக இருந்த விடைநேரம் 180 பாகையில் நான்கு நொடியைத் தாண்டியது. கோடு நேராக ஏறியது என்றால் மனத்திற்குள் படமே சுழல்கிறது என்று பொருள். இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

நிழற்கோடு:
மன்னிக்கவும், ஐயா, அந்த முடிவு அவ்வளவு எளிதன்று. நேரம் கோணத்தோடு ஏறுவதால் மட்டும் உள்ளே படம் இருக்கிறது என்றாகிவிடாது என்பதே 1973 முதல் செனான் பிலிஷின் என்ற அறிதிறன் ஆய்வாளர் முன்வைத்து வந்த வாதத்தின் சாரம்.

மூத்த பதிவர்:
கற்பனைத் தீவின் வரைபடத்தை மனப்பாடம் செய்யவைத்து, மனக்கண்ணால் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்திற்குப் போகச் சொன்னபோது தொலைவுக்கேற்ப நேரம் கூடியதை 1978இல் உளவியலாளர் காஸ்லின் குழுவினர் காட்டினார்களே, அதை என்ன செய்வீர்கள்?

நிழற்கோடு:
நிஜத்தில் நடந்து போனால் எவ்வளவு நேரமாகும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த அறிவையே அவர்கள் நடித்துக் காட்டியிருக்கலாம் என்பதுதான் பிலிஷின் தரப்பின் பதில். இந்தப் பூசல் இன்று தீராது, கேட்டவரின் சிக்கலுக்கு வருவோம்.

கோணமானி:
ஆம். ஆய்வுமாணவி, ‘வேறு’ என்று விடை வர வேண்டிய இணைகளில் இரண்டாம் உருவம் முதல் உருவத்தின் கண்ணாடிப் பிம்பமா, இல்லை முற்றிலும் வேறோர் உருவமா? ஒன்றின் நுனிக் கையில், அதாவது கடைசித் துண்டில், மூன்று கனசதுரக் கட்டங்களும் மற்றதில் நான்கும் இருந்தால், எண்ணிப் பார்த்தே விடை சொல்லிவிடலாம். எண்ணுவதற்கு எந்தக் கோணமும் ஒன்றுதான். 1971 சோதனையில் கண்ணாடிப் பிம்பத்தை வைத்ததே அந்தக் குறுக்குவழியை அடைக்கத்தான்.

விசைமணி:
இருந்தாலும் பொத்தான் பெட்டி நல்லது.

ஆய்வுமாணவி:
பதினாறு பேர். ‘வேறு’ இணைகள் எல்லாமே வேறு உருவங்கள்தான், பிம்பம் ஒன்றுகூட இல்லை. கலந்துகொண்ட ஒருவரை இன்று கேட்டேன். “நான் எதையும் சுழற்றவில்லை, நுனியில் எத்தனை கட்டம் என்று எண்ணினேன்” என்றார். படங்களை மாற்றிக்கொண்டிருக்கிறேன். நன்றி.