ஊர்ப்பக்க ஃபுட்டி லீக்கில் ஒரு சீசன்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

விம்மேராவாசி:

ஃபுட்டி, அதாவது ஆஸ்திரேலியக் கால்பந்து பற்றி மெல்போர்ன் நண்பர்கள் எம்சிஜி என்ற பெரிய மைதானத்துக் கதைகளை நிறையச் சொல்லிவிட்டார்கள். ஊர்ப்பக்கம் வேலைக்கு வந்து மாட்டிக்கொண்டவர்கள் யாராவது உங்கள் ஊர் லீக்கைப் பற்றிச் சொல்லுங்களேன். நானே தொடங்கி வைக்கிறேன்.

நான் இருப்பது விக்டோரியா மாநிலத்தின் மேற்கே, ஹார்ஷமிலிருந்து காரில் அரை மணி நேரம். மெல்போர்ன் 300 கிலோமீட்டருக்கும் மேல். கோதுமை, பார்லி, அப்புறம் நம் மசூர் பருப்பு. எங்கே திரும்பினாலும் தட்டையான நிலம். தூரத்தில் உயரமாக ஏதாவது தெரிந்தால் அது தானிய சைலோ, இல்லையென்றால் ஃபுட்டி மைதானத்து விளக்குக் கம்பம்.

மருந்துக்கடையில் வேலை. வியாழக்கிழமை சாயங்காலம் வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரே சாமானைத்தான் கேட்பார்கள்: 38 மில்லிமீட்டர் அகலத்தில் பழுப்பு நிற டேப். இந்தச் சின்ன ஊரில் இத்தனை பேருக்கா சுளுக்கு என்று முதலில் நினைத்தேன். செவ்வாயும் வியாழனும் பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

அப்படி டேப் வாங்க வந்த விவசாயி ஒருவர், அறுபது வயதிருக்கும், ஒரு நாள் கவுன்ட்டரில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"நீ கிரிக்கெட் பார்க்கிறவன்தானே?"

"ஆமாம்."

"அப்படியென்றால் பந்திலிருந்து கண்ணை எடுக்க மாட்டாய். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்துவிடு. கோட்டு நாங்கள் தருகிறோம்."

இப்படித்தான் நான் கோல் அம்பயர் ஆனேன். அதுவரை ஒரு முழு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. முட்டை வடிவ மைதானம், முட்டை வடிவப் பந்து, பக்கத்துக்கு 18 பேர், நான்கு குவார்ட்டர். ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பம். உதைத்த பந்து நடு இரண்டுக்கும் இடையே போனால் கோல், 6 புள்ளி. ஓரத்துக் கம்பத்துக்கும் நடுக் கம்பத்துக்கும் இடையே போனால் பிஹைண்ட், 1 புள்ளி. குறி தப்பியதற்கும் கூலி கொடுக்கிற ஆட்டம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

கோல் அம்பயருக்கு வெள்ளைக் கோட்டும் இரண்டு கொடியும் கொடுப்பார்கள். சும்மா கொடி ஆட்டுகிற வேலை என்று நினைத்துப் போனேன். அப்படி இல்லை. பந்து எந்தப் பக்கம் வளைகிறதோ அந்தப் பக்கம் ஓடி, அது கோல் கோட்டைத் தாண்டும்போது நேர் கீழே நிற்க வேண்டும். வழியில் யார் விரலாவது பட்டதா, கம்பத்தில் உரசியதா என்று பார்க்க வேண்டும். உரசினால் உள்ளே போனாலும் பிஹைண்ட்தான். உடனே கொடியைத் தூக்கிவிடவும் கூடாது. மைதான நடுவர் 'ஆல் கிளியர்' சொன்ன பிறகு இரண்டு ஆட்காட்டி விரலை நீட்டினால் கோல், ஒன்றை நீட்டினால் பிஹைண்ட். அதற்கப்புறம்தான் கொடி. எதிர்முனை அம்பயரும் பதிலுக்குக் கொடி காட்டி அட்டையில் குறித்துக்கொள்வார். குவார்ட்டர் முடிந்ததும் இரண்டு பேர் அட்டையும் ஒத்துப்போக வேண்டும்.

ஜூன் மாதம் ஒரு ரிசர்வ்ஸ் ஆட்டம், அதாவது கிளப்பின் இரண்டாம் அணி ஆடுவது. எங்கள் அணி நான்கு புள்ளி பின்னால், முடிய ஒரு நிமிடம்கூட இல்லை. எங்கள் பையன், கம்பளி வெட்டுகிற வேலை பார்ப்பவன், நாற்பது மீட்டரிலிருந்து உதைத்தான். இங்கே எல்லோரும் காரை மைதானத்தைப் பார்த்து நிறுத்திவிட்டு உள்ளே உட்கார்ந்தே பார்ப்பார்கள். கோல் விழுந்தால் கைதட்டு கிடையாது, ஹாரன்தான். பந்து என் தலைக்கு மேலே வரும்போதே ஹாரன் தொடங்கிவிட்டது. ஆனால் எனக்கு 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவு சின்னச் சத்தம். ஒரு விரலைத்தான் நீட்டினேன், ஒரு கொடியைத்தான் ஆட்டினேன். ஹாரன்கள் ஒவ்வொன்றாக அடங்கின. மூன்று புள்ளியில் தோற்றோம்.

கேண்டீனில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது. அடுத்த வியாழக்கிழமை அந்தப் பையன் கடைக்கு வந்தான். டேப்பை எடுத்து வைத்துவிட்டு, நகத்தால் கவுன்ட்டரை ஒரு தட்டு தட்டினான்: டிக். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. காசைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். இன்றைக்கும் ஒவ்வொரு முறை வரும்போதும் தட்டுகிறான்.

அந்த சீசனில் எங்கள் ரிசர்வ்ஸ் ஜெயித்தது ஒரே ஒரு ஆட்டம். ஒரு முறை எதிரணி 27.14 (176), அதாவது 27 கோல், 14 பிஹைண்ட், மொத்தம் 176 புள்ளி; எங்கள் கணக்கு 2.3 (15). அன்று கொடி ஆட்டி ஆட்டித் தோள்பட்டை வலித்தது. ஆனால் கிளப்பில் யாரும் தோல்வியைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அவர்களுடைய கவலையெல்லாம் வியாழக்கிழமை இரவு வெள்ளைப் பலகையில் எத்தனை பெயர் இருக்கிறது என்பதுதான். பதினான்கு பெயர் இருக்கும். மீதிக்குப் போன் போடுவார்கள். ஏப்ரல், மே விதைப்புக் காலம், பாதிப் பேர் டிராக்டரில் இருப்பார்கள். காலையில் 17 வயதுக்குட்பட்டோர் அணியில் ஆடிய பையனே மதியம் ரிசர்வ்ஸிலும் ஆடுவான். ஆட்டம் பார்க்க வந்த நாற்பத்தைந்து வயதுக்காரர், யாரோ ஒருவரின் ஷூவைக் கடன் வாங்கிக்கொண்டு இறங்குவார். ஒரு வாரம் எதிரணியே இரண்டு பேரைக் கொடுத்தது.

இந்தப் பக்கத்துக் கிளப் பெயர்களைப் பார்த்தாலே கதை புரிந்துவிடும்: மின்யிப்-முர்டோவா, ஜெப்பரிட்-ரெயின்போ, ஹேரோ-பால்மோரல், ஈடன்ஹோப்-ஆப்ஸ்லி. நடுவில் உள்ள ஒவ்வொரு கோடும், ஆள் பற்றாமல் இரண்டு ஊர் கை கோத்ததற்கு அடையாளம். பண்ணைகள் பெரிதாகின, குடும்பங்கள் குறைந்தன. நன்றாக ஆடுகிற பையன் நகரத்துக்குப் போய்விடுகிறான். டிம்பூலாவில் பிறந்த டிம் வாட்சன் மெல்போர்னின் பெரிய கிளப்பான எசெண்டனுக்கு முதல் ஆட்டம் ஆடியது 1977ல், 15 வயதில். பள்ளி நாட்களில் ஹார்ஷமில் இருந்த ஆடம் குட்ஸ் 2003லும் 2006லும் சீசனின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கம் வாங்கினார். ஊருக்குப் பெருமைதான். பலகையில் ஒரு பெயர் குறைகிறதே!

காசு கொடுத்து வெளியூர் ஆட்களை இறக்குவதும் நடக்கிறது. அதற்குத்தான் புள்ளி முறையும் சம்பள உச்சவரம்பும். சொந்த ஊர்ப் பையனுக்கு 1 புள்ளி, பெரிய லீக்கில் ஆடிவிட்டு வருபவருக்கு அதிகம், அணிக்கு மொத்தம் இவ்வளவுதான் என்று கணக்கு. பாதிப் பேர் இதைத் திட்டுகிறார்கள். எனக்கு இது சரியென்றே படுகிறது. இல்லையென்றால் பணக்காரக் கிளப் ஒன்று மட்டும் ஜெயித்துக்கொண்டே இருக்கும், மற்ற ஊர்கள் மூடிவிட்டுப் போக வேண்டியதுதான்.

சரி, நான் நிறையப் பேசிவிட்டேன். மற்றவர்கள் சொல்லுங்கள்.

மில்டூரா அம்மா:

ஃபுட்டியைப் பற்றியே எல்லாரும் எழுதுவீர்கள், வலைப்பந்தை விட்டுவிடுவீர்கள்! லீக்கின் பெயரே ஃபுட்பால் நெட்பால் லீக்தான். மைதானத்துக்குப் பக்கத்திலேயே கோர்ட், அதே நாள், அதே ஊர்.

நாங்கள் யாழ்ப்பாணம். எனக்கு ஃபுட்டி இன்னமும் விளங்கவில்லை, ஆனால் வலைப்பந்து பள்ளிக்கூடத்தில் ஆடியது. மகளின் அணியில் தர்ஜினி சிவலிங்கத்தைப் பற்றிச் சொன்னேன்: எங்கட ஊர்ப் பிள்ளை, இரண்டு மீட்டருக்கும் மேல் உயரம், மெல்போர்னில் வந்து ஆடியிருக்கிறா. பயிற்றுநர் உடனே என் மகளை ஏற இறங்கப் பார்த்தா. அவள் ஐந்தடி ஒன்று.

முதல் கிழமை தோடம்பழம் (ஆரஞ்சு) கொண்டு வரும் முறை எங்களுக்கு. நான் இரவிருந்து தோல் உரித்து, நார் எடுத்து, சுளை சுளையாக டப்பாவில் அடுக்கிக் கொண்டுபோனேன். பிள்ளைகள் பார்த்துவிட்டுச் சிரித்துத் தள்ளினார்கள். தோலோடு நாலாக வெட்ட வேண்டுமாம். தோலைப் பிடித்துக்கொண்டு வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு, தோலைப் பல்லில் மாட்டிக்கொண்டு இளிக்க வேண்டுமாம். ஒரு பாட்டி கத்தியைத் தந்து காட்டித் தந்தா. இப்போது பதினைந்து பழம் வெட்ட எனக்கு மூன்று நிமிடம்.

ஷெப்பர்ட்டன் பக்கம்:

எங்கள் ஊர் அணி நல்ல ஃபார்மில் இருந்தது 2021ல். 2020 சீசனைக் கொரோனா விழுங்கிவிட்டது, அடுத்த வருஷமாவது என்று காத்திருந்தோம். ஆகஸ்டில் மறுபடி ஊரடங்கு. இறுதிச் சுற்றே இல்லை, கோப்பையும் இல்லை. பட்டியலில் மேலே இருந்தோம் என்று இப்போதும் சொல்லிக்கொள்கிறோம். வேறு என்ன செய்வது.

டார்வின்:

நீங்கள் எல்லாரும் குளிர்கால லீக்கைப் பற்றிச் சொல்கிறீர்கள். எங்கள் பக்கம் தலைகீழ், மழைக்காலத்தில்தான் சீசன். டார்வினுக்கு வடக்கே தீவி (Tiwi) தீவுகள். 1969ல் தொடங்கிய லீக். எல்லாத் தீவுவாசிகளையும் சேர்த்தாலும் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்தான். அதிலிருந்து இத்தனை அணிகள் எப்படி வருகின்றன என்பது எனக்குப் பிடிபடாத கணக்கு. வெள்ளைப் பலகைப் பிரச்சினை அங்கே கிடையாது போலும்!

மார்ச்சில் இறுதி ஆட்டம் பார்க்க ஃபெர்ரியில் போனேன், இரண்டரை மணி நேரம். மற்ற நாளில் தீவுக்குப் போக அனுமதி வாங்க வேண்டும், அன்றைக்கு வேண்டாம். காலையில் ஓவியமும் மரச்சிற்பமும் விற்கிறார்கள், மதியம் ஆட்டம். நடுவில் மழை கொட்டியது. யாரும் எழுந்திருக்கவில்லை, நான் ஒருவன்தான் குடையைத் தேடினேன். பக்கத்தில் இருந்த பெரியவர், "உட்கார், மறைக்கிறாய்" என்றார்.

அவர்தான் ரியோலி குடும்பத்தைப் பற்றிச் சொன்னார். மாரிஸ் ரியோலி 1982லும், அவருடைய தம்பி முறைப் பையனோ என்று நான் குழம்பிய சிரில் ரியோலி 2015லும், நாட்டின் முதல்நிலை லீக்கான ஏஎஃப்எல் (1982ல் அதன் பெயர் விஎஃப்எல்) இறுதி ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் வாங்கியவர்கள். "சகோதரன் மகன்" என்று என்னைத் திருத்திவிட்டு, மறுபடி மைதானத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். ஆட்டத்தின் வேகத்தை எழுத எனக்கு வராது. பந்து தரையில் விழவே இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

விம்மேராவாசி:

மில்டூரா அம்மாவுக்கு: தோடம்பழக் கதையை எங்கள் வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். என் மனைவிக்கும் இப்படி ஒன்று நடந்தது. வியாழக்கிழமை இரவு கிளப்பில் பயிற்சிக்கு அப்புறம் சாப்பாடு போடுவார்கள், முறை வைத்துச் சமைப்பார்கள். எங்கள் முறை வந்தபோது அறுபது பேருக்கு மசூர் பருப்புக் குழம்பு வைத்தாள். அதே விவசாயி தட்டைப் பார்த்துவிட்டு, "இருபது வருஷமாக இதை விளைவிக்கிறேன், கப்பலேற்றி அனுப்புகிறேன். வாயில் வைப்பது இன்றைக்குத்தான்" என்றார். ரொட்டியைத் தொட்டுத் தொட்டு இரண்டு தட்டு சாப்பிட்டார். விலை ஏறும்போதெல்லாம் இப்போது எங்களிடம் மன்னிப்புக் கேட்கிறார்.

போன வாரம் அவரிடமிருந்து குறுஞ்செய்தி: "கோட்டைத் துவைத்தாச்சு. எல்லைக் கோட்டு அம்பயருக்கு ஆள் வேண்டும். உன் நண்பர்கள் யாராவது?"

நான் ஓட மாட்டேன், எனக்கு முட்டி சரியில்லை. ஹார்ஷம், ஸ்டாவல், வாரக்னபீல் பக்கம் யாராவது இருக்கிறீர்களா? ஆட்டம் முழுக்க ஓட வேண்டும். பந்து வெளியே போனால் மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்று, தலைக்கு மேலே பின்பக்கமாக உள்ளே எறியத் தெரிய வேண்டும். எறிவது கற்றுத் தருவார்களாம். ஓடத் தெரிந்தால் போதும்.