ஆறுமணிக்குருவியைப் பூனைகளிடமிருந்து காப்பது எப்படி?

உறுப்பினர்களுக்கு வணக்கம். அழகர்கோவில் அருகே எங்கள் வீட்டுக் கொல்லையில், சிட்டுக்குருவிகளுக்குக் கம்பும் தினையும் வைக்கும் தட்டுக்குச் சற்றுத் தள்ளி, ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து ஓர் ஆறுமணிக்குருவி தங்கியிருக்கிறது. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்தைக் கழிக்கத் தெற்கே வரும் இப்பறவை, தானியத்தைத் தொடுவதே இல்லை. மாமரத்தடிச் சருகுகளை அலகால் புரட்டிப் புழு பூச்சிகளைப் பொறுக்குகிறது, குட்டை வாலை அசைக்கும்போது அடிவயிற்றின் சிவப்பு பளிச்சென்று தெரிகிறது. அதனால் சருகுகளைக் கூட்ட வேண்டாமென்று வீட்டில் சொல்லிவிட்டேன். கவலையெல்லாம் தெருப்பூனைகளைப் பற்றியதுதான். தரையிலேயே இரை தேடும் பறவை அல்லவா! மரத்தைச் சுற்றி முள் அடைத்தால் போதுமா? தண்ணீர்த் தட்டைத் தரையில் வைப்பதா, உயரத்தில் வைப்பதா? இப்பறவையைத் தோட்டத்தில் பார்த்துப் பழகியவர்கள் அருள்கூர்ந்து வழி சொல்லுங்கள்.