மறு: ஃபால்பேக் தீம் – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம். லினக்ஸ் டெஸ்க்டாப்பில் தீம் என்பது ஐகான் படங்களின் தொகுப்பு. நாம் தேர்ந்தெடுத்த தீமில் ஒரு ஐகான் கிடைக்காதபோது கணினி தேடிப்போகும் வேறொரு தீம்தான் ஃபால்பேக் தீம்; ஹைகலர் அப்படிப்பட்டது. அதற்குத் தமிழ்ச் சொல் என்ன என்பதுதான் கேள்வி.

> "பின்னடைவு" என்றே போடலாமே, அகராதியில் இருக்கும் சொல்தானே?

இருக்கிறது ஐயா. ஆனால் தேர்தல் முடிவு நாளில் எந்தச் செய்தித்தாளைப் புரட்டினாலும் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று தெரிந்துவிடும். நாம் மொழிபெயர்ப்பது "மெனுவில் ஐகான் தெரியவில்லை, என்ன செய்வது" என்ற உதவிப் பக்கம். அதில் "ஹைகலர் ஒரு பின்னடைவுத் தீம்" என்று எழுதினால், கோளாறே ஹைகலரால்தான் என்று நினைத்து ஒருவர் அதை நீக்கிவிடுவார். அதோடு மிச்சமிருந்த ஐகான்களும் போய்விடும்.

நடப்பது என்ன என்று பார்த்துவிட்டுச் சொல்லைத் தேடலாம். அப்ளிகேஷனின் டெஸ்க்டாப் கோப்பில் (மெனுவில் அதன் பெயரும் படமும் என்ன என்று சொல்லும் சிறு கோப்பு) 'ஐகான்=' என்ற வரியில் பெரும்பாலும் ஒரு பெயர் மட்டும் இருக்கும். முழுப் பாதை கொடுத்திருந்தால் தேடலே கிடையாது, அந்தப் படம் நேரே வரும். பெயர் மட்டும் என்றால் முதலில் நடப்புத் தீமில் தேடும். கேட்ட அளவில் இல்லையென்றால் அதே தீமில் நெருங்கிய அளவை எடுத்துக்கொள்ளும். அதுவும் இல்லையென்றால் அந்தத் தீம் சார்ந்திருக்கும் தாய்த் தீம்கள், பிறகு ஹைகலர், கடைசியாக எந்தத் தீமிலும் சேராத பிக்ஸ்மேப்ஸ் அடைவு (ஃபோல்டர்). ஹைகலர் பொதியில் சொந்தப் படம் ஒன்றும் கிடையாது. காலி அடைவுகளும் ஒரு இண்டெக்ஸ் கோப்பும்தான். ஒவ்வொரு அப்ளிகேஷனும் நிறுவப்படும்போது தன் படத்தைக் கொண்டுவந்து அங்கே வைக்கிறது. யாரும் அதைத் தன் தீமாகத் தேர்ந்தெடுப்பதில்லை, ஆனால் அது இல்லாமல் ஓடாது.

> "மாற்றுத் தீம்"?

கட்டுரையில் நிற்கும். பொத்தானில் ஏறினால் சிக்கல். "மாற்று ஐகான்" என்பதைப் பார்க்கிறவர் "ஐகானை மாற்று" என்ற கட்டளையாகத்தான் படிப்பார். நம் மெனுக்களில் 'மாற்று' ஏற்கெனவே இரண்டு வேலை பார்க்கிறது, மூன்றாவது வேண்டாம்.

> "பின்னிருப்பு"? முன்னிருப்புக்கு இணையாக வருகிறதே.

இணையாக வருவதுதான் தொந்தரவு. முன்னிருப்பு, அதாவது டிஃபால்ட், என்பது நீங்கள் எதையும் தேர்ந்தெடுக்காதபோது வருவது. ஃபால்பேக் என்பது நீங்கள் தேர்ந்தெடுத்ததில் கிடைக்காதபோது வருவது. ஐகான் காணாமல் போனதென்று வருகிறவர்கள் குழப்பிக்கொள்வதே இந்த இரண்டைத்தான். தீமை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள், ஹைகலர் பக்கம் எட்டிப்பார்க்கவே மாட்டார்கள். இரண்டு சொற்களுக்கும் தொடக்கத்தில் மட்டும் வேறுபாடு இருந்தால் தொலைபேசியில் விளக்குகிறவர் பாடு திண்டாட்டம்.

"ஸ்டெப்னி" என்று எழுதிய நண்பருக்கு: சிரித்தேன், ஆனால் பொருள் கச்சிதம். டிக்கியில் கிடக்கும், பஞ்சர் ஆனால்தான் நினைவுக்கு வரும்.

என் முன்மொழிவு பின்துணை. பின்துணைத் தீம், பின்துணை ஐகான், பின்துணை எழுத்துரு என்று அடுக்கலாம். "நடப்புத் தீமில் கிடைக்காததால் பின்துணையிலிருந்து எடுக்கப்பட்டது" என்று பிழைச்செய்தியும் எழுதிவிடலாம். புணர்ச்சி விதிப்படி 'பின்றுணை' என்று திரிய வேண்டாமா என்று யாராவது கேட்பீர்கள். விதி அப்படித்தான். ஆனால் பின்தொடர், பின்தங்கு எல்லாம் திரியாமலே புழங்குகின்றன. இதுவும் அப்படியே இருக்கட்டும்.

இந்தச் சொல்லை எங்கே போடக்கூடாது என்பதையும் பேசிவிட வேண்டும். வரைவில் கேஷ் (விரைவாகத் தேடச் சேமித்து வைத்த ஐகான் பட்டியல்) பழசாகிப்போன சிக்கலும் இதே தலைப்பின்கீழ் இருக்கிறது. அது வேறு. ஹைகலருக்குள் 48x48, அதற்குள் ஆப்ஸ் என்று போய் ஒரு படத்தைக் கையால் நகலெடுத்து வைத்தால், ஆப்ஸ் அடைவின் நேரமுத்திரைதான் மாறும். ஐகான்களைத் திரையில் காட்டும் ஜிடிகே நிரல்தொகுப்பு பார்ப்பது மேலே உள்ள ஹைகலர் அடைவின் நேரத்தை. அது மாறாததால் பழைய கேஷ் சரி என்றே எடுத்துக்கொள்ளும், படம் இருந்தும் தெரியாது. ஹைகலர் அடைவின்மேல் நேரமுத்திரையைப் புதுப்பிக்கும் ஒரு 'டச்' கட்டளை, அல்லது ஐகான் கேஷைப் புதுப்பிக்கும் கட்டளை, பிறகு வெளியேறி நுழைந்தால் வந்துவிடும். இதில் பின்துணைக்கு வேலையில்லை, தனித் தலைப்பாகப் பிரியுங்கள்.

க்னோம் டெஸ்க்டாப்பின் 46-ஆம் பதிப்பில் (2024) அதன் ஐகான் தீமான அத்வைதாவின் பழைய வண்ண ஐகான்கள் தனிப் பொதியாகப் பிரிந்ததே, அது பின்துணைக்கு நல்ல எடுத்துக்காட்டு. அவற்றை நம்பியிருந்த மென்பொருள்களில், அந்தப் பொதி நிறுவப்படாத கணினிகளில், வெற்றிடம் விழுந்தது. வரைவில் சேர்க்கலாம்.

இன்னும் ஒன்று எனக்கே தெளிவாகவில்லை. 'நெட்வொர்க்-வயர்ட்' கிடைக்காவிட்டால் கோட்டுக்குப் பின்னால் உள்ளதை வெட்டிவிட்டு 'நெட்வொர்க்' என்று தேடுகிறதே, ஆங்கில ஆவணங்களில் அதுவும் ஃபால்பேக்தான். அங்கே தீம் மாறவில்லை, பெயர்தான் குறுகுகிறது. 'பெயர்க்குறுக்கம்' என்று தனியாக வைக்க எனக்கு விருப்பம். ஒரே சொல் போதும் என்பவர்கள் ஒரு எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு எழுதுங்கள், பொருந்துகிறதா என்று படித்துப் பார்த்துவிடலாம்.

அன்புடன்.