நாள் முழுக்க நின்றே வேலை, இடுப்பு வலிக்கு என்ன செய்வது?

பாளைக்காரி:
திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் இருக்கிறேன். சாப்பாட்டு நேரம் தவிர இரவு வரை நிற்பதுதான். சாயங்காலம் ஆனால் இடுப்பு கடுக்கிறது, கணுக்கால் வீங்குகிறது. நிமிர்ந்து விறைப்பாக நின்றால் சரியாகும் என்கிறார்கள், உண்மையா?

தசைநார்:
விறைப்பாக நிற்காதீர்கள் அக்கா, அது இன்னும் கெடுதல். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி இரத்தத்தை மேலே தள்ளும், அசையாமல் நின்றால் அது நடக்காது, அதனால்தான் வீக்கம். முட்டியை லேசாகத் தளர்த்தி நில்லுங்கள், கவுண்டருக்கு அடியில் ஒரு மணைப்பலகை போட்டுக் கால்களை மாற்றி மாற்றி அதில் வையுங்கள், இடுப்புக்குப் பாரம் குறையும். கீழ் அடுக்கில் சேலைக்கட்டு எடுக்கும்போது குனியாமல் முட்டியை மடக்கி, அதை உடம்போடு அணைத்துத் தூக்குங்கள்.

கடைவீதி:
இதெல்லாம் சரி, முதலில் உட்கார இடம் கேளுங்கள்! 2021-ல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று ஆக்கிவிட்டார்கள். கேரளாவில் 2018-லேயே வந்துவிட்டது.

பாளைக்காரி:
ஸ்டூல் இருக்கிறது அண்ணா. உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் எழுப்பிவிடுகிறார்.

கடைவீதி:
அப்படியென்றால் தனியாகப் போகாதீர்கள், பிரிவில் உள்ள எல்லோரும் சேர்ந்து பேசுங்கள். கேட்கவில்லை என்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.

தசைநார்:
அப்புறம், வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ, ஒரு காலில் மட்டும் வீக்கம் வந்தாலோ உடனே டாக்டரைப் பாருங்கள்.