ஹெவி டிரைவிங் ஸ்கூல்: கடலூர், புதுச்சேரி பக்கம் உங்கள் அனுபவம் என்ன?

முதுநகர் மாமா:

அக்கா மகன் லாரிதான் ஓட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். 20 வயது முடிந்துவிட்டது, கார் லைசென்ஸ் வாங்கி ஒரு வருடமும் தாண்டிவிட்டது. இந்த இரண்டும் இருந்தால்தான் ஹெவிக்கு எல்.எல்.ஆர். போட முடியும். காருக்கு வீட்டு வண்டியில் பழகிவிட்டு டெஸ்ட்டுக்குப் போய் நிற்கலாம். லாரிக்கு அது நடக்காது, பயிற்சிப் பள்ளி கொடுக்கும் படிவம் 5 சான்றிதழ் கட்டாயம். அதனால் பள்ளி தேடி இரண்டு ஊரிலும் அலைந்தோம்.

கடலூரில் ஒரு இடம். வாசலில் கார், லாரி, பஸ் என்று பெரிய போர்டு. லாரி எங்கே என்று கேட்டால், "டெஸ்ட் அன்னைக்கு வந்துடும் சார்" என்கிறார். வாடகை வண்டியாம். பணம் கட்டும் முன்பே ஒரு நோட்டை நகர்த்தி, பையன் இங்கெல்லாம் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். புரட்டிப் பார்த்தால் படிவம் 15. எந்தத் தேதியில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை ஓட்டினான் என்று எழுதி, கற்றவரும் கற்றுக்கொடுத்தவரும் கையெழுத்துப் போட வேண்டிய பதிவேடு. லாரி, பஸ்ஸுக்குப் பயிற்சி 30 நாளுக்குக் குறையக் கூடாது, அதில் வண்டி ஓட்டும் நேரம் மட்டும் 15 மணி என்று மத்திய மோட்டார் வாகன விதியிலேயே இருக்கிறது. வண்டியே இல்லாத இடத்தில் 15 மணி நேரம் எதை ஓட்டுவது? கிளம்பி வந்துவிட்டோம்.

இன்னொரு பள்ளியில் வண்டி நின்றது, பழைய லாரிதான், பரவாயில்லை. சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் கிளட்ச், பிரேக் இருக்க வேண்டும் இல்லையா, குனிந்து பார்த்தேன். மேலே சாக்கு விரித்திருந்தது. நீக்கிவிட்டுக் கையால் அழுத்தினால் பெடல் தொளதொளவென்று தரை வரை போகிறது, டிரைவர் பக்கத்துப் பெடல் அசையவே இல்லை. "கம்பி கழன்றிருக்கு, மாட்டிக்கலாம்" என்றார். அந்த வண்டியில்தான் எல் போர்டோடு பையன்கள் ரோட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

நல்ல இடம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரெட்டிச்சாவடி ராஜா:

பையன் குட்டி யானை ஓட்டத்தான் என்றால் ஹெவியே தேவையில்லை. 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டிக்குக் கார் லைசென்ஸ் போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சும்மா காசைக் கரைக்க வேண்டாம்.

முதுநகர் மாமா:

இல்லை தம்பி, அவனுக்குப் பல சக்கரம் வைத்த பெரிய லாரி, டாரஸ்தான் வேண்டுமாம். கேட்டால்தானே!

வில்லியனூர்க்காரன்:

நான் இன்ஸ்ட்ரக்டராக இருந்தவன். என்னைச் சேர்க்கும்போது பத்தாம் வகுப்பு, ஐந்து வருட ஓட்டுநர் அனுபவம், மோட்டார் மெக்கானிக் சான்றிதழ் மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் எடுத்தார்கள். விதியும் அதுதான். அதனால் போகும் இடத்தில் முதலாளியிடம் பேசாதீர்கள், சொல்லிக்கொடுக்கப் போகிறவரிடம் பேசுங்கள். ஏர் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று கேளுங்கள். பிரேக் டிரம், கியர் பாக்ஸ் மாடலைத் தொட்டுக் காட்டிச் சொன்னால் ஆள் சரி. அந்த மாடல்கள், ஜாக்கி, ஸ்பேனர் செட், முதலுதவிப் பெட்டி, வகுப்பறை, வண்டி நிறுத்த இடம் எல்லாம் இருந்தால்தான் பள்ளிக்கு லைசென்ஸே கொடுக்க வேண்டும். பல இடங்களில் மாடல் பீரோவுக்கு மேல் ஒட்டடையோடு இருக்கும். ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டர் வரும் அன்று மட்டும் கீழே இறங்கும்.

நான் முதல் பாடத்தில் வண்டியை நகர்த்தவே விட மாட்டேன். ஸ்டார்ட் பண்ணி, ஏர் மீட்டர் முள் ஏறும்வரை உட்கார வைப்பேன். பஸ்ஸர் கத்திக்கொண்டே இருக்கும், பையன்களுக்குப் பொறுமை போய்விடும். பிரேக்குக்கு வேண்டிய காற்று ஏறி, அந்தச் சத்தம் நின்ற பிறகுதான் கியரில் கை. ஏர் டேங்கில் சேரும் தண்ணீரை வடிப்பதும் அவர்கள் வேலைதான். அப்புறம் ரிவர்ஸ். கண்ணாடியை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும், கிளீனர் "வா வா" என்று தட்டுவதை நம்பக் கூடாது.

2021 ஜூலை முதல் அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையம் என்று புதிதாக ஒரு வகையும் உண்டு. ஹெவிக்கு இரண்டு ஏக்கர் இடம், சிமுலேட்டர், டிராக், கைரேகை வருகைப் பதிவு, இன்ஸ்ட்ரக்டர் பிளஸ் டூ முடித்திருக்க வேண்டும். பாடம் ஆறு வாரத்தில் 38 மணி நேரம். அது எட்டும் தூரத்தில் இருந்தால் நான் அங்கேதான் அனுப்புவேன். இல்லாவிட்டால் கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் பயிற்சி நிலையத்தில் தங்கிப் படிக்க வழியுண்டா என்று விசாரியுங்கள்.

டேங்கர் சித்தப்பா:

சிப்காட்டில் கெமிக்கல் லோடு ஏற்றுகிறேன். ஹெவி லைசென்ஸ் மட்டும் வைத்துக்கொண்டு இந்தக் கேட்டுக்கு வராதீர்கள். அபாயகரமான சரக்குக்குத் தனியாக மூன்று நாள் பயிற்சி எடுத்து லைசென்ஸில் பதிய வேண்டும். லைசென்ஸும் மூன்று வருடத்துக்குத்தான் செல்லும், மற்ற லாரிக்காரர்களுக்கு ஐந்து. புதுப்பிக்கும்போது திரும்பவும் வகுப்பில் உட்கார வேண்டும். புதிதாக வரும் பையன்களிடம் டிரெம் கார்டு எங்கே என்று கேட்டால் ஆர்.சி. புத்தகத்தை நீட்டுகிறார்கள். டிரெம் கார்டு என்பது உள்ளே இருக்கிற சரக்கு கசிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கும் தாள், சீட்டுக்கு அடியில் போடுகிற சாமான் இல்லை.

மாமா, லோடு வண்டியில் ஏற்றிப் பழக்குவார்களா என்றும் கேளுங்கள். காலி வண்டியைக் கேப்பர் மலை ஏற்றத்தில் யார் வேண்டுமானாலும் நிறுத்தி எடுத்துவிடுவார்கள்.

முதுநகர் மாமா:

சேர்த்துவிட்டேன். புதுச்சேரிப் பக்கம், வண்டி சொந்தம், பெடல் இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. லோடு கேட்டேன், கடைசி வாரம் மணல் மூட்டை ஏற்றி ஓட்ட வைப்பார்களாம். எல்.எல்.ஆர். போட்டு 30 நாள் ஆன பிறகுதான் டெஸ்ட். பதிவேட்டில் தினமும் ஓட்டி முடித்த பிறகுதான் கையெழுத்து, அதைப் படமெடுத்து எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு வந்த படத்தில் ஓட்டிய நேரம் அரை மணிதான். ஏன் என்று கேட்டால், மீதி நேரம் ஸ்டெப்னி மாற்றினானாம்.