‘வேலங்குடி வீடு’ குழுவில் செல்வியின் படிப்பு

கலா அத்தை: செல்வி, தை மாதத்தில் கல்யாணம் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லிவிடலாமா? இன்று பதில் கேட்டிருக்கிறார்கள்.

செல்வி: ஓராண்டு பொறுக்கச் சொல்லுங்கள் அத்தை. புற்றுநோய்ச் செவிலியர் பட்டயப் படிப்பில் எனக்கு இடம் கிடைத்திருக்கிறது.

முத்து பெரியப்பா: 4 ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் படித்தாயிற்று. அதற்காக விற்ற மேலவயலை நான் இன்னும் மறக்கவில்லை.

குமார் அண்ணன்: அப்பா, வயல் பேச்சு இப்போது வேண்டாம்.

செல்வி: சித்தியை நினைத்துத்தான் விண்ணப்பித்தேன், பெரியப்பா. சித்தியின் நுரையீரல் கட்டியில் இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் இருந்ததால், அதைக் குறிவைக்கும் ஜெஃபிட்டினிப் மாத்திரையைக் கொடுத்தார்கள். முகத்தில் பரு போலக் கொப்புளம் வந்ததும், ஒவ்வாமை என்று எண்ணி 12 நாள் நிறுத்திவிட்டார். அந்த மருந்தில் பலருக்கும் அப்படி வரும் என்றும், தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்றும், வயிற்றெரிச்சலுக்குப் போடும் ஒமிப்ரசோல் அந்த மாத்திரை உடலில் சேர்வதைக் குறைக்கும் என்றும், வீட்டுக்கு அனுப்பும்போது ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர் ஒரு செவிலியர். 3 ஆண்டு வார்டில் இருந்த எனக்கே அது தெரியாமல் போனது உறுத்துகிறது.

வசந்தா சித்தி: உன்மேல் எனக்கு வருத்தமில்லை, கண்ணு. கேட்காமல் நிறுத்தியது நான்தான்.

கலா அத்தை: எனக்கு மார்பில் வந்தபோது பக்கத்துப் படுக்கைப் பெண்ணுக்கு மட்டும் வேறு ஊசி போட்டார்கள். நம்மிடம் பணமில்லை என்பதால்தான் எனக்குப் போடவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

செல்வி: இல்லை அத்தை. மார்பகப் புற்றுநோயில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத்தான் ஹெர்2 புரதம் மிகுந்திருக்கும். டிராஸ்டுசுமாப் ஊசி அவர்களுக்கானது. அது இதயத்தைப் பலவீனப்படுத்தக்கூடும் என்பதால் இடையிடையே எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுப்பார்கள். மூச்சிரைக்கிறது, கால் வீங்குகிறது என்று நோயாளி முதலில் சொல்வதும் செவிலியரிடம்தான். உங்கள் அறிக்கையில் ஹெர்2 நெகட்டிவ், அதாவது அந்தப் புரதம் மிகுந்திருக்கவில்லை என்றிருந்ததை நானே பார்த்தேன்.

கலா அத்தை: இத்தனை வருடம் இதை நான் யாரிடமும் கேட்கவில்லை.

குமார் அண்ணன்: ஞாயிற்றுக்கிழமை தாத்தா திவசத்துக்கு வாழையிலை யார் வாங்குகிறீர்கள்?

முத்து பெரியப்பா: இலையை நான் வாங்குகிறேன். செல்வி, இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா?

செல்வி: இருக்கிறது, பெரியப்பா. வகுப்பறையைவிட நோயாளிகளோடு இருக்கும் நேரமே அதிகம்.

முத்து பெரியப்பா: கட்டண விவரத்தை ஞாயிறன்று எடுத்து வா. கலா, மாப்பிள்ளை வீட்டாரிடம் அதுவரை ஒன்றும் சொல்லாதே.

கலா அத்தை: இன்று மாலை அவர்கள் கூப்பிட்டால் நான் என்ன சொல்வது, அண்ணா?

வசந்தா சித்தி: செல்வி, காலையிலிருந்து வயிறு எரிகிறது. அந்த ஒமிப்ரசோல் மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?

செல்வி: போடாதீர்கள் சித்தி. மருத்துவரிடம் இப்போதே கேட்டுவிட்டு உங்களைக் கூப்பிடுகிறேன்.